அச்சத்தடுப்பு: எதிரியின் மனதில் கட்டப்படும் வேலி

2021 மே மாதம் இரண்டாவது வாரத்தில் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பெட்ரோல் பங்க்குகள் ஒவ்வொன்றாக வறண்டன. வட கரோலினாவில் பல ஊர்களில் பம்பு முனைகளைப் பிளாஸ்டிக் பையால் மூடி வைத்துவிட்டார்கள். திறந்திருந்த சில பங்க்குகளில் கார்கள் சாலை வரை வரிசையில் நின்றன. கையில் கிடைத்ததிலெல்லாம் மக்கள் பெட்ரோலைப் பிடிக்கத் தொடங்கவே, பிளாஸ்டிக் பையில் பெட்ரோல் நிரப்பாதீர்கள் என்று நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்க வேண்டியதாயிற்று. போரும் இல்லை, புயலும் இல்லை. ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் துறைமுகப் பகுதி வரை சுமார் 8,800 கிலோமீட்டர் ஓடும் காலனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நின்றுபோயிருந்தது. அதன் கணினிகளுக்குள் புகுந்த ஒரு கும்பல் பணம் கேட்டு மிரட்டியிருந்தது.

அப்போது எங்கும் ஒரே கேள்விதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 கோடி டாலரைப் பாதுகாப்புக்குச் செலவிடும் நாடு, ஆயிரக்கணக்கான அணு ஆயுதங்களை வைத்திருக்கும் நாடு, ஒரு திருட்டுக் கும்பலைத் தடுக்க முடியாதா? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: ஆயுதம் இருந்தாலே எதிரி வரமாட்டான் என்ற எண்ணம். அமெரிக்கப் பாதுகாப்புக் கொள்கையைப் பற்றி நாம் படிக்கும் செய்திகளில் பாதி இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கருத்து போதும். ஆங்கிலத்தில் டெட்டரன்ஸ் என்பார்கள். தமிழில் ‘தடுப்பாற்றல்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. நோய்த் தடுப்பாற்றல் என்றும் சொல்கிறோம் அல்லவா? உடனே ஒரு கேடயம்தான் கண்முன் வருகிறது. இது கேடயம் அல்லவே. அதனால் இந்தக் கட்டுரையில் ‘அச்சத்தடுப்பு’ என்று எழுதுகிறேன். ஒரு செயலைச் செய்தால் இலாபத்தைவிட நட்டமே அதிகம் என்று எதிராளியே கணக்குப் போட்டு, அதைச் செய்யாமல் விடும்படி செய்வது: அதுதான் அச்சத்தடுப்பு.

நாய்ப் பலகையும் கண்ணாடிச் சில்லும்

ஒரு வீட்டைப் பாருங்கள். கேட்டில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை. மதில் மேல் சிமெண்டில் பதித்த கண்ணாடிச் சில்லுகள். இரண்டும் திருடனுக்காகத்தான். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு.

ஏறினால் சில்லு கையைக் கிழிக்கும். திருடன் அதை நம்புகிறானா இல்லையா என்பது சில்லுக்குப் பொருட்டே இல்லை. பலகை யாரையும் கிழிக்காது. திருடன் அதைப் படிக்க வேண்டும், உள்ளே நாய் இருக்கிறது என்று நம்ப வேண்டும், கடிபட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும், பிறகு ‘வேண்டாம், அடுத்த தெரு பார்க்கலாம்’ என்று தானே முடிவெடுக்க வேண்டும். வேலை முழுவதும் அவன் மண்டைக்குள் நடக்கிறது. நாயே இல்லாத வீட்டிலும் பலகை வேலை செய்யலாம். நிஜ நாய் இருந்தும் பலகை இல்லாவிட்டால் அவன் உள்ளே வந்துவிடுவான். பிறகு நாய் கடித்துக் குதறினாலும், அவன் வரக்கூடாது என்று நாம் நினைத்தது நடக்கவில்லை.

சில்லைத் தூரத்தில் பார்த்தே திருடன் திரும்பிப் போனால் அதுவும் அச்சத்தடுப்புதான், ஆனால் வேறு வகை. அமெரிக்க அறிஞர் கிளென் ஸ்னைடர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். ‘வந்தால் கடி வாங்குவாய்’ என்பது தண்டனை வழி. ‘வந்தாலும் உனக்கு ஒன்றும் கிடைக்காது’ என்பது மறுப்பு வழி. இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் இவற்றைச் சுற்றித்தான் போகப் போகிறது.

பலகை வேலை செய்ய என்ன வேண்டும்?

முதலில் திறன்: கடிக்கக்கூடிய நாய். அடுத்து மன உறுதி: சமயம் வரும்போது நாயை அவிழ்த்துவிடுவார்கள் என்று திருடன் நம்ப வேண்டும். இவ்விரண்டையும் எல்லோரும் சொல்வார்கள். பலரும் மறப்பது மற்ற இரண்டைத்தான்.

ஒன்று, செய்தி. எதைச் செய்தால் தண்டனை என்பது எதிராளிக்குத் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். 1950 ஜனவரி 12 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டீன் அச்செசன் வாஷிங்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். பசிபிக்கில் அமெரிக்கா காக்கப் போகும் எல்லைக் கோட்டை அதில் விவரித்தார்: அலூஷன் தீவுகள், ஜப்பான், ரியூக்யூ தீவுகள், பிலிப்பைன்ஸ். அந்தக் கோட்டுக்குள் தென் கொரியா வரவில்லை. தன் போர்ப் படைகளையும் அமெரிக்கா அதற்கு முந்தைய ஆண்டே அங்கிருந்து விலக்கியிருந்தது. 1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை எல்லையைக் கடந்தது. அந்த உரைதான் போரைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்கள் அதைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். ஆனால் இதைக் கவனியுங்கள். அமெரிக்காவிடம் அப்போது அணுகுண்டு இருந்தது. போரிடும் மனமும் இருந்தது. போரிட்டது, 36,000-க்கும் மேற்பட்ட வீரர்களைப் பறிகொடுத்தது. இவ்வளவு இருந்தும், ‘வந்தால் நாங்கள் வருவோம்’ என்ற செய்தி மட்டும் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

மற்றொன்று, உத்தரவாதம். விலகிப் போகிறவனை நாய் கடிக்காது என்ற உறுதி. ‘செய்தாலும் அடி, செய்யாவிட்டாலும் அடி’ என்றால் எதிராளிக்கு அடங்கிப்போகக் காரணமே இல்லை. 1962-இல் கியூபாவில் சோவியத் ஒன்றியம் தாக்குதல் ஏவுகணைகளை வைக்கக் கூடாது என்று அமெரிக்க அதிபர் கென்னடி செப்டம்பரிலேயே வெளிப்படையாக எச்சரித்தார். அதற்குள் சோவியத் கப்பல்கள் புறப்பட்டுவிட்டன. எச்சரிக்கை தாமதம். அக்டோபரில் பதின்மூன்று நாள் உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முடிவில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது மிரட்டலுக்குப் பயந்து மட்டும் அல்ல. கியூபாவின் மீது படையெடுக்க மாட்டோம் என்று கென்னடி வாக்குக் கொடுத்தார். துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிட்டர் ஏவுகணைகளை விலக்கிக்கொள்ளவும் இரகசியமாக ஒப்புக்கொண்டார். அந்த இரண்டாவது பகுதி பல ஆண்டுகள் மறைத்து வைக்கப்பட்டதால், ‘விறைத்து நின்றால் எதிரி பணிவான்’ என்ற அரைகுறைப் பாடத்தை ஒரு தலைமுறையே கற்றுக்கொண்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மறைத்து வைத்த பாதியில்தான் பாடம் இருந்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அச்சத்தடுப்பு எதிராளியின் மனதில் நடக்கும் கணக்கு. அதற்குத் திறன், மன உறுதி, தெளிவான செய்தி, விலகினால் தண்டனை இல்லை என்ற உத்தரவாதம் ஆகிய நான்கும் வேண்டும்.

கடலுக்கு அடியில் ஒரு நாய்

1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டைச் சோதித்தது. அன்றிலிருந்து அமெரிக்காவின் தலைவலி வேறு வடிவம் எடுத்தது. எதிரி முந்திக்கொண்டு நம் குண்டுகளையே அழித்துவிட்டால்? நாயை முதலிலேயே கொன்றுவிட்டால் பலகைக்கு என்ன மதிப்பு?

இதற்கான விடையைத் ‘திருப்பி அடிக்கும் திறன்’ என்கிறார்கள். முதல் அடியை வாங்கிய பிறகும் பதிலடி கொடுக்கும் அளவுக்கு ஆயுதம் மிஞ்சியிருக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்கா அணு ஆயுதங்களை மூன்று இடங்களில் பிரித்து வைத்திருக்கிறது. மொன்டானா, வட டகோட்டா, வயோமிங் பகுதிகளின் நிலத்தடிக் குழிகளில் 400 மினிட்மேன் ஏவுகணைகள். குண்டு வீசும் விமானங்கள். கடலுக்கு அடியில் ஒஹையோ வகை நீர்மூழ்கிகள் பதினான்கு. இந்த நீர்மூழ்கிகள்தான் முழு ஏற்பாட்டின் உயிர்நாடி. ஒவ்வொன்றுக்கும் நீலம், தங்கம் என்று பெயரிட்ட இரண்டு மாலுமிக் குழுக்கள். ஒரு குழு கரைக்கு வந்தால் மற்றொரு குழு கப்பலை எடுத்துக்கொண்டு மறைந்துவிடும். ஒரு பயணம் சராசரியாக 77 நாள். அந்த நாட்களில் அதன் முழு வேலையும் யார் கண்ணிலும் படாமல் இருப்பதுதான். எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றை முந்திக்கொண்டு அழிக்க முடியாது.

மன உறுதியைக் காட்டவும் விசித்திரமான வழிகள் உண்டு. பனிப்போர்க் காலத்தில் மேற்கு பெர்லினில் சில ஆயிரம் அமெரிக்க வீரர்கள் இருந்தார்கள். சுற்றிலும் கிழக்கு ஜெர்மனி. அங்கே லட்சக்கணக்கில் சோவியத் படை. அந்தச் சிறு கூட்டம் நகரத்தைக் காப்பாற்றியிருக்காது என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆனால் அவர்களைக் கொல்லாமல் நகரத்தைப் பிடிக்கவும் முடியாது. கொன்றால் வாஷிங்டன் சும்மா இருக்க முடியாது. பின்னாளில் பொருளாதார நோபல் பெற்ற தாமஸ் ஷெல்லிங் இதைத்தான் விளக்கினார்: அந்த வீரர்களால் சாக முடியும், அதுவே அவர்களின் பணி. இன்று தென் கொரியாவில் இருக்கும் ஏறத்தாழ 28,500 அமெரிக்க வீரர்களும் ஓரளவு இதே பொருளில்தான் அங்கே இருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று. இந்த ஏற்பாடு முழுவதும் மூன்று விஷயங்களை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. எதிரிக்கு முகவரி உண்டு. அவனிடம் இழக்க ஏதோ உண்டு. அவன் தாண்டக்கூடாத கோடு எங்கே என்பதில் சந்தேகம் இல்லை. இந்த நூற்றாண்டின் அச்சுறுத்தல்கள் இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கின.

இழக்க ஒன்றும் இல்லாதவன்

2001 செப்டம்பர் 11 அன்று பத்தொன்பது பேர் நான்கு விமானங்களைக் கடத்தி ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றார்கள். சாகத் துணிந்து வந்தவனிடம் ‘வந்தால் சாவாய்’ என்ற பலகையைக் காட்டிப் பயன் இல்லை. எல்லா நீர்மூழ்கிகளும் அன்று காலை கடலில் இருந்திருந்தாலும் அந்தப் பத்தொன்பது பேரின் கணக்கு ஓர் இம்மியும் மாறியிருக்காது.

அடுத்த ஆண்டு ஜூனில் ஜார்ஜ் புஷ் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பேசினார். காக்க நாடோ மக்களோ இல்லாத நிழல் கும்பல்களிடம் அச்சத்தடுப்புக்குப் பொருளே இல்லை என்றார். அது பெருமளவு சரி. ஆனால் அதிலிருந்து அவருடைய அரசு வந்தடைந்த முடிவு பெரும் பிழை. முகவரி இல்லாத கும்பலைப் பற்றிச் சொன்ன விதியை, முகவரியும் அரண்மனையும் படையும் உள்ள சதாம் உசேனுக்கும் பொருத்தினார்கள். ஆபத்து முழுதாக உருவாகும் முன்பே அடிக்க வேண்டும் என்று 2003 மார்ச்சில் ஈராக்கின் மீது படையெடுத்தார்கள். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவில்லை. ஒரு கருத்தைத் தளர்வாகப் புரிந்துகொண்டால் எத்தனை உயிர் போகும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

சரியான பதில் வேறு இடத்தில் சத்தமில்லாமல் நடந்தது. விமானி அறையின் கதவு. 2001-க்கு முன் ஆள் பலத்தால் உடைக்கக்கூடிய கதவாக அது இருந்தது. பிறகு அதைக் குண்டு துளைக்காததாகவும், பறக்கும்போது உள்ளிருந்து பூட்டப்படுவதாகவும் மாற்றினார்கள். கடத்துபவன் பயப்படுகிறானா இல்லையா என்பது கதவுக்குப் பொருட்டில்லை. அவனால் விமானத்தையே ஆயுதமாக்க முடியாது, அவ்வளவுதான். தண்டனை வழி செல்லாத இடத்தில் மறுப்பு வழி வந்து நின்றது. கண்ணாடிச் சில்லு.

மொட்டைக் கடிதம்

இணையத் தாக்குதலில் எதிரிக்கு இழக்க நிறைய இருக்கலாம். ஆனால் அது யார் என்று தெரிவதில்லை. மொட்டைக் கடிதம் போன்றது அது: மை உண்டு, எழுத்து உண்டு, கையெழுத்து இல்லை. தாக்கியது யார் என்று ஆதாரத்தோடு கண்டறிவதைப் ‘பொறுப்புச் சாட்டுதல்’ என்கிறார்கள். இது முடியாத காரியம் அல்ல, நேரம் பிடிக்கும் காரியம். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நச்சு நிரல் உக்ரைனில் தொடங்கி உலகெங்கும் பரவியது. மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனம் மட்டும் 45,000 கணினிகளில் மென்பொருளை மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. இதைச் செய்தது ரஷ்ய இராணுவம் என்று அமெரிக்க அரசு வெளிப்படையாகச் சொன்னது 2018 பிப்ரவரியில்தான். எட்டு மாதம் கழித்து விழும் அடி, அடித்த கையை அஞ்ச வைப்பது கடினம்.

இனி அந்தப் பெட்ரோல் குழாய்க்குத் திரும்புவோம். 2021 மே 7 விடிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு, காலனியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் கணினித் திரையில் மிரட்டல் குறிப்பைப் பார்த்தார். சுமார் ஒரு மணி நேரத்துக்குள் முழுக் குழாயையும் நிறுத்தினார்கள். நிறுத்தியது கும்பல் என்றே பலரும் எண்ணுகிறார்கள், நிறுத்தியது நிறுவனம். அலுவலகக் கணினிகளைப் பூட்டிய நிரல், குழாயை இயக்கும் கணினிகளுக்கும் பரவிவிடுமோ என்ற அச்சம். கும்பல் உள்ளே வந்த வழியைப் பிறகு நிறுவனத் தலைவரே செனட் குழுவின் முன் சொன்னார். வெளியிலிருந்து இணைய உதவும் ஒரு பழைய கணக்கு. யாரும் பயன்படுத்தாமல் கிடந்தது. கடவுச்சொல் மட்டும் இருந்தால் திறந்துவிடும். கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரண்டாவது சரிபார்ப்பு அதற்கு இல்லை. கிழக்குக் கடற்கரையின் எரிபொருளில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கைச் சுமக்கும் குழாய், இப்படி ஒரு பின்வாசல் வழியாக வீழ்ந்தது. நிறுவனம் 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர், கப்பம் கட்டியது. அந்தப் பிட்காயின்களில் பெரும்பகுதியை நீதித் துறை ஜூன் மாதம் மீட்டது.

டார்க்சைட் என்ற அந்தக் கும்பல், எங்களுக்குப் பணம்தான் நோக்கம், சமூகத்துக்குத் தொல்லை கொடுப்பது நோக்கம் அல்ல என்று அறிக்கை விட்டது. இவர்களின் மேல் அணுகுண்டைக் காட்டி என்ன செய்வது?

கோட்டுக்குச் சற்றுக் கீழே

மூன்றாவது சிக்கல் கோடு. ஒரு நாட்டின் மேல் குண்டு போட்டால் அது போர். அதன் அரசு ஊழியர்களின் கோப்புகளைத் திருடினால்? தேர்தல் நேரத்தில் பொய்ச் செய்திகளைப் பரப்பினால்? ஒவ்வொன்றும் வலிக்கும், ஆனால் போர் தொடங்கும் அளவுக்கு வலிக்காது. புத்திசாலியான எதிரி அந்த இடைவெளியில்தான் நடமாடுவான். போர் என்று சொல்ல முடியாத, அமைதி என்றும் சொல்ல முடியாத அந்தப் பகுதிக்குச் ‘சாம்பல் வெளி’ என்று பெயர்.

குழாய்ச் சம்பவம் நடந்து ஒன்றரை மாதத்துக்குள், 2021 ஜூன் 16 அன்று, ஜெனீவாவில் பைடன் புதினைச் சந்தித்தார். குடிநீர், மின்சாரம் உள்ளிட்ட பதினாறு துறைகளின் பட்டியலைக் கொடுத்து, இவற்றைத் தொடக்கூடாது என்றார். கோட்டை எழுத்தில் போட்டுக் காட்டும் முயற்சி அது. அச்செசன் விட்ட இடத்தை நிரப்புவது போல. அதற்கும் ஒரு விலை உண்டு. பதினாறைத் தொடாதே என்றால் பதினேழாவதைத் தொடலாமா என்ற கேள்வி உடனே எழும். 2022 ஜனவரியில் ரஷ்யா சில ஹேக்கர்களைக் கைது செய்தது. காலனியல் தாக்குதலுக்குப் பொறுப்பானவர் ஒருவரும் அவர்களில் இருந்ததாக அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். அடுத்த மாதமே உக்ரைன் படையெடுப்பு. அந்த ஒத்துழைப்பும் அத்துடன் முறிந்தது.

அமெரிக்க இணையப் படைப்பிரிவு 2018 முதல் வேறொரு போக்கையும் கையில் எடுத்திருக்கிறது: தாக்குதல் வரும்வரை காத்திராமல், எதிரியின் கணினி வலைக்குள்ளேயே போய் இடைவிடாமல் தொந்தரவு கொடுப்பது. இதை அச்சத்தடுப்பு என்று சொல்வதைவிட அன்றாட மல்லுக்கட்டு என்று சொல்வதே பொருந்தும்.

பலகை திரும்பி நிற்கிறது

முகவரி, இழப்பு, கோடு ஆகிய மூன்றும் மங்கும்போது தண்டனை வழி தளர்கிறது. மறுப்பு வழிக்கும், அடி வாங்கினாலும் விரைவில் எழும் திறனுக்கும் முக்கியத்துவம் கூடுகிறது. இதுவரையிலான சுருக்கம் இதுதான். இதைப் புரிந்துகொண்டால் கடைசி எடுத்துக்காட்டும் விளங்கிவிடும்.

2023 மே மாதம் மைக்ரோசாப்ட்டும் அமெரிக்க அரசும் ஒரு செய்தியை வெளியிட்டன. வோல்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட, சீன அரசின் ஆதரவு பெற்ற குழு, பசிபிக்கில் அமெரிக்க விமானத் தளமும் கடற்படைத் தளமும் உள்ள குவாம் தீவு உட்படப் பல இடங்களின் வலைகளுக்குள் ஊடுருவியிருந்தது. பணம் கேட்கவில்லை. எதையும் உடைக்கவில்லை. மின்சாரம், குடிநீர், போக்குவரத்து ஆகியவற்றின் கணினிகளில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. தன் வேலை இது அல்ல என்று சீனா மறுக்கிறது. சமயம் வரும்போது இயக்குவதற்காகவே இந்த ஊடுருவல் என்று எஃப்.பி.ஐ. தலைவர் 2024 ஜனவரியில் நாடாளுமன்றக் குழுவின் முன் எச்சரித்தார்.

அந்தச் சமயம் எது? சீனா தன்னுடையது என்று உரிமை கோரும் தைவானைச் சுற்றி ஒரு நெருக்கடி என்பதே பாதுகாப்பு வட்டாரத்தில் பலரின் கணிப்பு. அது சரியென்றால் நாம் பார்ப்பது பழைய பலகையைத்தான், எழுத்து மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. ‘நீ அங்கே வந்தால் உன் ஊரில் விளக்கு அணையும்.’ அஞ்ச வேண்டியவர் இப்போது வாஷிங்டனில் இருக்கிறார்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லிட்டில்டன் என்று ஒரு சிற்றூர். சுமார் 10,000 பேர் வாழும் ஊர். அதன் மின்சாரத்தையும் குடிநீரையும் ஊராரின் சொந்தத் துறையே கவனிக்கிறது. 2023 நவம்பரில் எஃப்.பி.ஐ. அந்தத் துறைக்குத் தகவல் சொன்னது: உங்கள் கணினி வலையில் ஆள் இருக்கிறது. ஆராய்ந்து பார்த்தபோது வோல்ட் டைஃபூன் 300 நாட்களுக்கும் மேலாக அங்கே இருந்தது தெரிந்தது. ஊழியர்கள் செய்தது, உள்ளே இருந்தவர்களை வெளியேற்றிவிட்டு, வலையின் அமைப்பை மாற்றியதுதான்.